ஆடுகின்ற கண்ணாடியும் அசையாத அதிகாரமும்

எழுதுவதற்கு எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்கும்போது மோட்டார் சைக்கிளின் கண்ணாடி ஆடுவதைப் பற்றியா எழுதுவது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பெரிய விடயங்களை எழுதப் பெரிய மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெல்லாவெளியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிற விவசாயிக்கு, தனக்குப் பின்னால் வருவது என்னவென்று தெரிகிறதா என்ற கேள்வியை எழுதத்தான் ஆளில்லை. தெரியவில்லை என்பதே என் பதில். அவருடைய வண்டியில் கண்ணாடி இருக்கிறது. அதில் ஒன்றும் தெரிவதில்லை.

வெளிநாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக, சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற பக்கம் படுவான்கரை. களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியை விட்டுத் திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போரதீவுப்பற்று. அதன் பிரதேச செயலகம் இருக்கின்ற ஊர்தான் வெல்லாவெளி. வயலும் குளமும் சிறு காடுமாக விரிந்து கிடக்கும் பூமி. ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய கடை என்று பல தேவைகளுக்கு வாவியைக் கடக்க வேண்டியிருக்கிறது. எழுவான்கரையில் வசிக்கும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் காலையில் இங்கே வந்து மாலையில் திரும்புகிறார்கள். பேருந்துக்குக் காத்திருந்தால் நாள் போய்விடும். ஆகவே எல்லோருக்கும் மோட்டார் சைக்கிள்தான். 2007ஆம் ஆண்டுப் போரில் வீட்டையும் வேளாண்மையையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடியவர்கள், திரும்பி வந்து, 2009க்குப் பின்னர் லீசிங்கில் எடுத்த முதற் சொத்து பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்தது. இலங்கையில் பதிவாகியிருக்கும் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். படுவான்கரையில் அந்த விகிதம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்குமென்பதை அறிய எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. சந்தியில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

அப்படி நிற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். கடந்து போகும் வண்டிகளின் கண்ணாடிகளைப் பாருங்கள். ஒன்று வானத்தைப் பார்க்கும். இன்னொன்று ஓட்டுபவரின் முழங்கையைப் பார்க்கும். சிலவற்றில் தண்டு மட்டும் இருக்கும். ஏனென்று கேட்டால், "அது ஆடுது, ஒண்டும் விளங்காது" என்பார்கள். வெல்லாவெளிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னார்: "அண்ணன், இந்த வண்டிக்குக் கண்ணாடி ஆடத்தான் செய்யும். பொலிசுக்குக் காட்டத்தானே பூட்டி வெச்சிருக்கு?"

இந்த ஒரு வசனத்துக்குள் முழு நாட்டின் வீதிப் பாதுகாப்புக் கொள்கையும் அடங்கியிருக்கிறது. கண்ணாடி, ஓட்டுபவர் பார்ப்பதற்காக இல்லை, பொலிஸ்காரர் பார்ப்பதற்காக! கண்ணாடி இல்லாவிட்டால் தண்டப் பத்திரம் எழுதப்படும். இருந்தால் எழுதப்படாது. அந்தக் கண்ணாடியில் பின்னால் வரும் டிப்பர் தெரிகிறதா, அல்லது கலங்கிய குளத்தில் விழுந்த வெளிச்சம்போல ஏதோ ஒன்று நெளிகிறதா என்று எவரும் கேட்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஓடும்போது அது எப்படி இருக்கும் என்று முடிவு கட்டுவது, நோயாளி தூங்கும்போது பார்த்துவிட்டுச் சுகமாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

"சின்ன ஆட்டம்தானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் அதில் தெறிக்கும் ஒளிக்கதிர் இரண்டு பாகை திரும்பும். இது பள்ளிக்கூடத்து ஒளியியல். ஆகவே கண்ணாடி அரைப் பாகை சாய்ந்தாடினாலே நாம் பார்க்கும் திசை ஒரு பாகை மாறுகிறது. ஐம்பது மீற்றர் பின்னால் வரும் வாகனத்தில் இது ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் இடமாற்றம். அதாவது அந்த வாகனத்தின் விளக்கு, ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளத்துக்கு இழுபட்ட கோடாகத் தெரியும். இந்த ஆட்டம் விநாடிக்கு எண்பது, நூறு தடவை நடப்பதால் கண்ணால் அதைப் பின்தொடர முடியாது. இரண்டு விளக்குகளுடன் வருவது டிப்பரா, ஒற்றை விளக்குடன் வருவது இன்னொரு மோட்டார் சைக்கிளா, அது நெருங்குகிறதா, தூரத்திலேயே இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் கண்ணாடி விடை தராது. இந்த மூன்றுக்கும் விடை தருவதற்காகத்தான் கண்ணாடி என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது.

விடை கிடைக்காதவர் என்ன செய்வார்? கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடி திரும்பிப் பார்த்தால் வண்டி ஏறத்தாழ பதினான்கு மீற்றர் ஓடிவிடும். தலை திரும்பும் பக்கம் தோளும் திரும்பும். தோள் திரும்பினால் ஹாண்டிலும் கொஞ்சம் இழுபடும். நகரத்து அகன்ற வீதியில் இதற்கு மன்னிப்பு உண்டு. வயலுக்கு நடுவே உயர்த்திப் போட்ட ஒடுங்கிய வீதியில், தாரின் விளிம்பைத் தாண்டினால் கிரவல், கிரவலைத் தாண்டினால் வாய்க்கால் என்று இருக்கும் இடத்தில், மன்னிப்பு இல்லை. பின்னால் வந்த டிப்பர் ஹோர்ன் அடித்ததும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து, முன்சில்லு விளிம்பிலிருந்து இறங்கி, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த பெண் விழப்போய்த் தப்பியதை நான் இந்தப் பக்கத்து வீதிகளில் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். இரவு என்றால் நிலைமை இன்னும் மோசம். போரதீவுப்பற்றில் யானை இறங்குவது புதினமான செய்தியல்ல. வீதியில் மாடு படுத்திருப்பது செய்தியே அல்ல. இரண்டு கண்ணும் முன்னாலேயே இருக்க வேண்டிய வீதியில், பின்னாலும் ஒரு கண் வேண்டுமென்றால் அது கண்ணாடியாகத்தான் இருக்க முடியும்.

திரும்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்தானே, கண்ணாடியில் படாத மூலை உண்டல்லவா என்று அனுபவசாலிகள் வாதிடுவார்கள். உண்மைதான். திரும்புவதற்கு முன்னர் தோளுக்கு மேலாக ஒரு கணம் பார்க்க வேண்டும் என்று எல்லா நாட்டிலும் கற்பிக்கிறார்கள். ஆனால் அது கண்ணாடியில் பார்த்து முடித்தபின் செய்கிற கடைசிச் சரிபார்ப்பு. பின்னால் எதுவும் நெருங்கவில்லை என்று கண்ணாடி சொன்ன பிறகு, மூலையில் யாரும் இல்லை என்று உறுதிப்படுத்தும் ஒரு கணம். கண்ணாடி செய்ய வேண்டிய முழு வேலையையும் கழுத்தின் தலையில் கட்டுவதற்கு அந்தப் பாடத்தைச் சாட்சிக்கு இழுப்பது நேர்மையில்லை.

சரி, ஏன் ஆடுகிறது? "வீதி சரியில்லை" என்பது எல்லோரும் சொல்லும் முதற் காரணம். வீதியின் குழி வண்டியைத் தூக்கிப் போடும், கண்ணாடியைக் குலுக்கும். ஆனால் உருவத்தை நீர்போலக் கலக்குவது வீதியல்ல. மணிக்கு ஐம்பது கிலோமீற்றரில் இந்த வண்டிகளின் சில்லு விநாடிக்கு ஏழு, எட்டுத் தடவைதான் சுற்றும். அந்த வேகத்தில் வரும் ஆட்டத்தைக் கண்ணால் ஆட்டமாகவே பார்க்கலாம். உருவம் அடியோடு கரைந்து போகிறதென்றால் காரணம் இயந்திரம்.

இங்கே ஓடுகின்றவற்றில் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். இந்த ஊர்களில் எங்கும் காணப்படும் 97 சிசி ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடும் தூரம் 49.5 மில்லிமீற்றர். இயந்திரம் நிமிடத்துக்கு 6000 தடவை சுற்றும்போது பிஸ்டன் விநாடிக்கு நூறு தடவை மேலே போய், நின்று, திரும்பிக் கீழே வருகிறது. அப்படி நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஆயிரம் மடங்கைத் தாண்டும். அசையும் நிறை நூறு கிராம் என்று வைத்தால், நூறு கிலோவைத் தூக்கித் தூக்கிப் போடுவதற்குச் சமமான விசை விநாடிக்கு நூறு தடவை வண்டியின் உடம்பை உதைக்கிறது. கிராங்கில் வைக்கும் எதிர்ப்பாரம் இதில் ஒரு பகுதியைத்தான் தணிக்கும். முழுவதையும் தணிக்கப் போனால் மேலும் கீழுமான உதை முன்னும் பின்னுமான உதையாக மாறிவிடும். வேகம் இரட்டித்தால் உதை நான்கு மடங்காகும்.

இந்த உதை சட்டகம் வழியாக ஹாண்டிலுக்கும், ஹாண்டில் வழியாகக் கண்ணாடித் தண்டுக்கும் ஏறுகிறது. தண்டின் நுனியில் பாரம் வைத்த எந்தக் கம்பிக்கும் தனக்கென்று ஓர் இயல்பான அதிர்வு வேகம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலுக்கே உயரப் பறப்பதைப்போல, இயந்திரத்தின் உதை அந்த வேகத்தோடு ஒத்துப் போகும்போது கண்ணாடி பேயாட்டம் ஆடும். பௌதிகத்தில் இதற்குப் பரிவு என்று பெயர். சில வண்டிகளில் மணிக்கு நாற்பத்தைந்தில் தொடங்கி ஐம்பத்தைந்தில் அடங்கிவிடும் ஆட்டம் இதனால்தான். வண்டி நல்ல நிலையில் இருந்தாலும் இது வரும். தொழிற்சாலையில் வரைபடம் போட்டவர் தவிர்த்திருக்க வேண்டியது இது.

தவிர்க்க முடியுமா? முடியும் என்று உலகம் நூறு வருடங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்துக்குள் எதிர்த்திசையில் சுழலும் சமநிலைத் தண்டை ஆங்கிலேயப் பொறியியலாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். 1967இல் வந்த நோர்ட்டன் கொமாண்டோ, இயந்திரத்தையே ரப்பரில் தொங்கவிட்டு ஓட்டுபவரை அதிர்விலிருந்து பிரித்தது. நம் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னை திருவொற்றியூரில் ஐம்பதுகளிலிருந்து தயாரான என்ஃபீல்ட் புல்லட்டின் அதிர்வைப் புகழ்ந்து எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! "இதயத் துடிப்பு" என்றார்கள், "ஆண்மை" என்றார்கள், கண்ணாடியில் ஒன்றும் தெரியாததும் அந்த அழகில் ஒரு பகுதியென்று சேர்த்துக்கொண்டார்கள். பிறகு என்ன நடந்தது? 2020 நவம்பரில் வந்த மீற்றியோர் 350இலும், 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இலும் அதே நிறுவனம் சமநிலைத் தண்டு வைத்த இயந்திரத்தைப் பொருத்தியது. கண்ணாடியில் வீதி தெரியத் தொடங்கியது. ரசிகர்களும் வாங்கத்தான் செய்தார்கள். இதயம் நின்றுபோனதாக எவரும் முறையிடவில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே வைக்கிறேன். 2021 செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. வலுக்கூடிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஹாண்டில் வழியாக ஏறி ஐபோனின் கமராவைப் பழுதாக்கலாம்; ஆகவே கைப்பேசியை அதில் பூட்டாதீர்கள், சிறிய ஸ்கூட்டர்களில் பூட்டுவதென்றாலும் அதிர்வு தாங்கியோடு பூட்டுங்கள் என்றது. ஒரு கைப்பேசியின் கண்ணைக் காப்பதற்குக் காட்டிய அக்கறையை, மனிதனின் கண்ணுக்காக எந்த மோட்டார் சைக்கிள் விற்பனையாளராவது காட்டியதுண்டா? "இந்த வண்டியின் கண்ணாடி இந்த வேகத்தில் பயன்படாது" என்று ஒரு வரி எழுதித் தந்ததுண்டா? லீசிங் பத்திரத்தில் ஐம்பது கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் இப்படி ஒரு வரி கிடையாது.

நம் நாட்டுக் கதை இத்தோடு முடிவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மீண்டும் படிப்படியாகத் திறக்கப்பட்டது 2025இல். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி. ஐந்து வருடங்கள் புதுவண்டி இல்லை. இருந்த வண்டி விழுந்தும் எழும்பியும் ஓடியது. உதிரிப்பாகங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் புஷ் காய்ந்து வெடித்தாலும் மாற்றுவாரில்லை. வெப்பத்திலும் எண்ணெயிலும் ரப்பர் இறுகிச் சாகும் என்பது இறப்பர் விளைவிக்கும் இந்த நாட்டுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடி உடைந்தால் கடையில் கிடைப்பது பெயர் தெரியாத மலிவுக் கண்ணாடி. கம்பி மெல்லிசு, மூட்டு தளர்வு. இளைஞர்களுக்கோ உள்ளங்கைக்கும் சிறிய அலங்காரக் கண்ணாடி வேண்டும். அதில் தெரிவதெல்லாம் தலைமுடிதான். அதற்காகத்தான் வாங்குகிறார்களோ என்னவோ!

பொருத்துவதிலும் அநியாயம். தண்டின் விட்டம் வண்டிக்கு வண்டி மாறும். 8 மில்லிமீற்றரும் உண்டு, 10 மில்லிமீற்றரும் உண்டு. யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடிக்கு மறுபுரி. மற்ற வண்டிகளில் இறுகும் திசையில் திருகினால் இதில் கழலும். இது தெரியாமல் வலிந்து திருகிப் புரியைத் தேய்த்துவிட்டு, சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கி, காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடி பிறகு எந்தக் காலத்திலும் நிற்காது.

வெறுமனே திட்டிவிட்டுப் போவது என் நோக்கமல்ல. அதிகாரம் அசையும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். எவரும் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்.

முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் ஆடினால் குற்றம் அந்தக் கண்ணாடியில், அல்லது அதைப் பிடித்திருக்கும் பிடியில். இரண்டும் ஒன்றாக ஆடினால் குற்றம் இயந்திரத்தில் அல்லது ஹாண்டிலில். வெறுமையான நேர்வீதியில் ஓடும்போது கிளச்சைப் பிடித்து இயந்திரத்தை மெல்லச் சுற்றவிட்டுப் பாருங்கள். ஆட்டம் உடனே நின்றால் காரணம் இயந்திரம். நிற்காமல் மெதுவான நடுக்கமாகத் தொடர்ந்தால் சில்லு, டயர், பெயாரிங், செயின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி இன்னொரு வேகத்தில் அடங்கினால் அது பரிவு. வேகம் ஏற ஏற ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது.

அடுத்தது, காசில்லாத வைத்தியம். இயந்திரத்தைச் சட்டகத்தோடு பிடிக்கும் நட்டுகள், ஹாண்டில் பிடியின் நட்டுகள், சைலன்சர் பிடி, கண்ணாடித் தண்டின் அடி நட்டு ஆகிய எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். பாதி வண்டிகளின் நோய் இதிலேயே பிடிபடும் என்பது கராஜ்காரர்கள் பலர் எனக்குச் சொன்னது. செயினை அளவாக இழுத்துவிட்டு எண்ணெய் போடுங்கள். கண்ணாடி முகத்துக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மூட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கலாம், இறுகாவிட்டால் அந்தக் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, கொஞ்சம் காசு செலவாகும் வைத்தியம். வெடித்த ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். ஹாண்டிலின் இரு நுனிகளிலும் பாரக்கட்டைகள் உண்டு. விழுந்தபோது கழன்று போயிருந்தால் திரும்பப் போடுங்கள். அவை அழகுக்கு வைத்தவையென்று நினைத்துக் கழற்றி எறிகிறார்கள். ஹாண்டிலின் ஆட்டத்தை அடக்குவதே அவற்றின் தொழில்.

நான்காவது, தண்டைப் பற்றிய கணக்கு. ஒரு கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். 8 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலாக 10 மில்லிமீற்றர் கம்பியென்றால் விறைப்பு இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். நீளத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலும் விறைப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே கட்டையான, தடித்த தண்டுள்ள கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் உங்கள் தோளுக்கு வெளியே வீதி தெரிகிறதா என்று கடையிலேயே வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். பரிவினால் வரும் ஆட்டத்துக்கு, கண்ணாடியின் முதுகுப்புறக் கூட்டுக்குள் சிறு பாரம் ஒட்டினாலும் ஆட்டம் தொடங்கும் வேகம் இடம் மாறும். நாம் அதிகம் ஓடும் வேகத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டாலே போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "அடியில் ரப்பர் வொஷர் போட்டால் சரி" என்பது அரை உண்மை. அதிர்வின் வேகம் ரப்பர் மேல் நிற்கும் பொருளின் இயல்பான வேகத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காவது கூடுதலாக இருந்தால்தான் ரப்பர் அதைத் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அதே ரப்பர் ஆட்டத்தைக் கூட்டவும் கூடும். போட்டுப் பாருங்கள், குறையாவிட்டால் கழற்றிவிடுங்கள். யாரோ சொன்னார்கள் என்பதற்காக வைத்திருக்காதீர்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு பழி முழுவதும் ஓட்டுபவர் தலையில் விழுந்துவிடக் கூடாது. நட்டை இறுக்குவது அவருடைய கடமை. நட்டு இறுக்கமாக இருந்தும் ஆடுகின்ற கண்ணாடியை விற்றது அவருடைய குற்றமல்ல. ஐக்கிய நாடுகளின் 81ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி இருசக்கர வாகனங்களின் கண்ணாடிகளைப் பற்றியது. கண்ணாடியின் பரப்பு 69 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, வட்டக் கண்ணாடியென்றால் விட்டம் 94 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, வழமையான ஓட்டத்தில் அது நிலையாக நிற்கும்படி பொருத்தப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. உலகம் இதை எழுதி வைத்திருக்கிறது. இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்திருக்கும் இந்த நேரத்தில், கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வகை வண்டியையும் ஓட்டிப் பார்த்து, கண்ணாடியில் பின்னால் நிற்கும் வாகனத்தின் இலக்கத் தகட்டைப் படிக்க முடிகிறதா என்று சோதிப்பதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு வீதியும் ஒரு ஓட்டுநரும் ஒரு பிற்பகலும் போதும். உதிரியாக விற்கும் கண்ணாடிக்கும் இதே சோதனையை வையுங்கள். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகை பார்க்கிறீர்கள், நல்லது. புகை பார்க்கும்போது இயந்திரம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அப்போதே கண்ணாடியையும் ஒரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

பொலிஸாருக்கு ஒரு வேண்டுகோள். மறித்த வண்டியில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், இயந்திரத்தை முறுக்கச் சொல்லி அதில் என்ன தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். தண்டம் எழுதுவதற்காக அல்ல. நட்டை இறுக்கிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்புவதற்காக.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. விபத்துச் செய்திக்கென்று தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு வாய்பாடு இருக்கிறது: "வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் வீதியை விட்டு விலகி..." பொலிஸ் அறிக்கையில் வருவது அப்படியே அச்சில் ஏறுகிறது. வேகத்தை யார் அளந்தார்கள்? வண்டி ஏன் விலகியது? பின்னால் எது வந்தது? ஓட்டியவர் திரும்பிப் பார்த்தாரா? அவருடைய கண்ணாடி வேலை செய்ததா? இவற்றில் ஒன்றையாவது கேட்காமல் எழுதப்படும் ஒவ்வொரு செய்தியும், இறந்தவரின் தலையில் பழியைப் போட்டுவிட்டு விற்றவரையும் அனுமதித்தவரையும் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது. இறந்தவர் மறுத்து எழுதப் போவதில்லை என்பதால் இந்த வாய்பாடு இவ்வளவு காலம் நீடிக்கிறது.

புதுவண்டி வாங்கப் போகிறவர்களே, கடையில் நிறத்தையும் லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதையும் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். நீங்கள் வழமையாக ஓடும் வேகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியைப் பாருங்கள். கலங்கினால், "இதில் ஒன்றும் தெரியவில்லை, எனக்கு வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் விற்பனையாளர் முகம் சுளிப்பார். நூறு பேர் சொன்னால் இறக்குமதி செய்பவர் கேட்பார். ஆயிரம் பேர் சொன்னால் தொழிற்சாலையில் தண்டு தடிக்கும். காசு கொடுக்கிறவன் வாய் திறக்காத ஊரில் கண்ணாடி பொலிசுக்குக் காட்டத்தான் பயன்படும்.